கேப்டனுக்கு ஒரு கல்

கேலாநாலா
9.6.2024

அன்புத் தம்பி நல்லதம்பிக்கு,

அக்கா வசந்தகுமாரி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, யார் வம்புக்கும் போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு என்ன, காசா பணமா.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வார்டர் ஐயாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். மலையாளியாக இருந்தும் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாயே. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல். ஜெயில் போனில் கொடுக்கும் ஐந்து நிமிடத்தில் பாதி ‘ஹலோ ஹலோ’ என்றே போய்விடுகிறது. இங்கே மழை தூறினால் டவர் படுத்துக்கொள்கிறது. எனவே கடிதம்தான் நமக்குச் சரி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேப்டன் ஜம்புலிங்கம் போன மாதம் செத்துப்போனார். நெஞ்சுவலி. வீட்டுக் கட்டிலிலேயே போய்விட்டார். நீ இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாயா, ஏமாந்து போவாயா என்று எனக்குத் தெரியவில்லை.

இரங்கல் கூட்டம் ஜெட்டியடியில் நடந்தது. பட்டாளத்தில் இருபத்தெட்டு வருடம், வேலூரிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து குடியேறியது, மூன்று முறை பஞ்சாயத்துப் பிரதானாக இருந்தது, சுனாமிக்குப் பின் ஊரைத் தூக்கி நிறுத்தியது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஜெட்டியும் குடிதண்ணீர்க் குழாயும் அவர் கொண்டுவந்ததுதான். அந்தத் தண்ணீரைத்தான் நானும் அம்மாவும் குடிக்கிறோம். அவருடைய வலது கையை நீ வெட்டியதையும் பேசினார்கள். அப்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் மகன் அருண்பிரசாத்தான் இப்போது பிரதான். அப்பாவுக்குக் கொடிக்கம்பத்தடியில் ஒரு கல் வைக்கப் போகிறானாம். மெயின்லேண்டிலிருந்து கருங்கல் கப்பலில் வருகிறது. வைத்துவிட்டுப் போகட்டும். நமக்கு ஜனவரிதான் முக்கியம். பொங்கலன்று உனக்கு விடுதலை. போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் உனக்காகப் பேசி வைத்திருக்கிறேன். நீ ஊருக்கே வர வேண்டாம், நானும் அம்மாவும் அங்கே வந்துவிடுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
வசந்தகுமாரி

*

போர்ட் பிளேர்
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லதம்பி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? உன் இடுப்புவலி எப்படி? ரோட்டு வேலையில் சம்மட்டி அடிப்பதைக் குறைத்துக்கொள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாய்.

கட்டிலில் செத்தாரா. சரி. சுதாகர் அண்ணன் மண்ணில் செத்தான். இதற்குமேல் எழுதினால் வார்டர் ஐயா கறுப்பு மையால் அடித்துவிடுவார்.

போன வாரம் இங்கே சாப்பாட்டு வரிசையில் ஒரு தகராறு. புதிதாக வந்தவன் ஒருவன் எனக்கு முன்னால் புகுந்தான். நான் சும்மாதான் இருந்தேன். அவன் திரும்பி, ‘க்யா தேக்தா ஹை, சோர்கா பாயி’ என்றான். என்ன பார்க்கிறாய், திருடனின் தம்பி என்கிறான், அக்கா. தட்டை எடுத்து அவன் வாயில் அடித்தேன். இரண்டு பல் சோற்றில் விழுந்தது. எனக்கு மூன்று நாள் தனி அறை. விடுதலைத் தேதியில் கை வைக்கவில்லை, நீ பயப்படாதே. ஆனால் ஒன்று யோசித்துப் பார். இத்தனை வருடம் கழித்து, இங்கே உள்ளே இருப்பவனுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து போயிற்று?

அந்தக் கல்லில் என்ன எழுதப் போகிறார்கள்? அதை மட்டும் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
நல்லதம்பி

*

கேலாநாலா
28.7.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் வந்தேன், அதற்குள் பல் கதை எழுதிவிட்டாய். உனக்கு முப்பத்தாறு வயது ஆகிறது. எவனாவது எதையாவது சொன்னால் தட்டைத் தூக்குவதா? அந்தத் தட்டில் சோறு போட்டுத் தின்னத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவின் வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. ஆனாலும் நான் ரோட்டு வேலைக்குப் போனதும் வேலியைத் தடவிக்கொண்டே சந்திரமதி வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த வங்காளத்து அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நம் அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. இருவரும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கடவுளுக்கே தெரியாது.

வெள்ளாடு சினையாக இருக்கிறது. பலா இந்த வருடம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. மழை விடவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தப்பாக நினைக்காதே, இடது கையால் எழுதுகிறேன். பஞ்சாயத்து ஆபீஸ் படியில் பாசி, வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

ஜங்லிகாட் பட்டறைக்காரர் உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஜெயிலில் இருந்ததைச் சொன்னேன். ‘வெல்டிங் ஒழுங்கா அடிப்பானா, அதைச் சொல்லுங்க’ என்றார். நல்ல மனுஷன்.

வேறு விசேஷம் இல்லை.

அன்பு அக்கா,
வசந்தகுமாரி

*

போர்ட் பிளேர்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகம் விசாரித்தது போதும்.

ஆடு சினை, பலா உதிர்ந்தது, வங்காளத்து அம்மா பேசுகிறாள், எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் படிக்கு உனக்கு என்ன வேலை? ரேஷன் வாங்கக்கூட அந்தப் பக்கம் போகாதவள் நீ.

நேற்று முன்தினம் சுதந்திர தினத்துக்கு எங்களை வரிசையில் நிறுத்தி விசில் ஊதினார்கள் என்று எழுத நினைத்தேன், அது நடந்து மூன்று நாள் ஆகிறது. நாள் கணக்கே குழம்பிவிட்டது. அந்த விசில் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வார்டர் ஐயாவிடம் கேட்டேன், நடந்ததை நடந்தபடி என் அக்காவுக்கு எழுதலாமா என்று. ‘பழைய கதைதானே, எழுதிக்கோ’ என்றார். அவருக்கும் தெரியட்டும்.

கடல் வந்துபோன நான்காம் நாள். தீவே தாழ்ந்துவிட்டது, கடலேற்றம் வந்தால் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் வரும். நிவாரண அரிசியை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அடுக்கியிருந்தார்கள். பூட்டுச் சாவி கேப்டன் இடுப்பில். அவர் விசில் ஊதினால் ஊரே வரிசையில் நிற்கும், கோப்பையால் அளந்து போடுவார். அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஏற்றம் பெரிதாக வந்தது. கேப்டன் ஹெலிகாப்டர் இறங்கும் திடலுக்குப் போயிருந்தார். சுதாகர் அண்ணன் பார்த்தான். தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே போகிறது. கல்லால் பூட்டை உடைத்தான். மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி மேட்டில் கொண்டுபோய் அடுக்கினான். நானும் இரண்டு மூட்டையைப் பின்னால் தாங்கினேன். கேப்டன் திரும்பி வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது, அண்ணன் முதுகில் மூட்டை இருந்தது. அவ்வளவுதான் அவர் பார்த்தது.

காலையில் விசில். கொடிக்கம்பத்தில் அண்ணனைக் கட்டியிருந்தார். படகுக் கயிற்றை உப்புத் தண்ணீரில் நனைத்து எடுத்தார். ஊரைச் சத்தமாக எண்ணச் சொன்னார். ஏக், தோ, தீன் என்று எல்லாரும் எண்ணினார்கள். குழந்தைகள்கூட. நான் வாயைத் திறக்கவில்லை என்று என் காதோடு அறைந்தார், இன்றும் அந்தக் காது மந்தம். அண்ணனின் முதுகுத் தோல் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ‘தண்ணி வந்துச்சு சார், தண்ணி வந்துச்சு’ என்றுதான் கடைசிவரைக்கும் சொன்னான். சாயங்காலம் அதே மண்ணில், அம்மா மடியில் செத்தான்.

மற்றப் பிணங்களோடு அவனையும் குழியில் போட்டு, கடல் கொண்டுபோனவர்கள் பட்டியலில் அவன் பெயரையும் சேர்த்தார்கள். அதற்கப்புறம் வருடா வருடம் டிசம்பர் இருபத்தாறு அன்று கேப்டன் ஊரை வரிசையில் நிறுத்தி அந்தப் பட்டியலைப் படிப்பார். செத்தவன் பெயரைப் படித்ததும் வீட்டு ஆள் ஆஜர் என்பதற்கு ‘ஹாஜிர்’ சொல்ல வேண்டும், அவர் சல்யூட் அடிப்பார். அண்ணனைக் கொன்ற கையால் அண்ணனுக்குச் சல்யூட். பதினான்கு வருடம் அம்மா ‘ஹாஜிர்’ சொன்னதைப் பார்த்தேன். பிறகு தா அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். சல்யூட் அடித்த கை சல்யூட்டோடு விழுந்தது.

இப்போது சொல். கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

தம்பி,
நல்லதம்பி

*

கேலாநாலா
22.9.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நான்தான் இரண்டு முறை படித்துவிட்டு ரேஷன் அட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

கல் வந்துவிட்டது. ஜெட்டியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். எழுதியிருப்பது பெயர், பதவி, பிறந்தது, இறந்தது. அவ்வளவுதான். எல்லார் கல்லிலும் எழுதுவதுதான். இதற்கா இத்தனை கோபம்? டிசம்பர் இருபத்தாறு அன்று திறக்கிறார்களாம். சுனாமி வந்து இருபது வருடம் ஆகிறதல்லவா.

ஆடு செத்துப்போயிற்று. பாம்பு கடித்துவிட்டது. குட்டியும் உள்ளேயே போய்விட்டது. அம்மா நாள் முழுக்க அழுதாள்.

ஜங்லிகாட்டில் பட்டறைக்கு மேலேயே ஒரு அறை இருக்கிறதாம். சின்ன அறைதான், ஆனால் ஜன்னல் உண்டு. ஆட்டோவும் ஸ்கூட்டரும் போகிற சத்தம் அம்மாவுக்குப் பிடிக்கும். இங்கே அலைச் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்னும் நான்கு மாதம் கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அவரவர் பல்லைக் கடிக்க வேண்டும், அடுத்தவன் பல்லை அல்ல.

அன்பு அக்கா,
வசந்தகுமாரி

*

போர்ட் பிளேர்
20.10.2024

அக்கா,

நாகலிங்கம் உள்ளே வந்திருக்கிறான். நம் ஊர் நாகலிங்கம்தான், டோங்கிப் படகு ஓட்டுகிறவன். கடல் அட்டை பிடித்த கேஸ். என் பக்கத்துப் படுக்கை.

பாம்பு கடித்ததா ஆட்டை? பாம்புக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா? கழுத்தை அறுத்து நம் வாசற்கதவில் தொங்கவிட்டிருந்தார்களாம். கழுத்தில் அட்டை, அட்டையில் ‘சோர்’. அம்மா காலையில் கதவைத் திறந்தபோது முகத்தில் இடித்ததாம். என்னவென்று தெரியாமல் தடவிப் பார்த்து, கையெல்லாம் ரத்தமாகி, உனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதென்று கூச்சல் போட்டாளாம்.

படியில் பாசி வழுக்கியதா? கல்லில் அந்த வரி வேண்டாமென்று கேட்கப் போனாயாம். அருண்பிரசாத்தின் ஆள் உன் கையை முறுக்கி வெளியே இழுத்துப் போட்டானாம். எலும்பு நொறுங்கும் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது என்கிறான் நாகலிங்கம்.

கல்லில் இருப்பதையும் சொன்னான். அவனே படித்திருக்கிறான். சாக்கை விலக்கி, ஒருமுறைக்கு மூன்றுமுறை. ‘கடற்கோளின்போது நிவாரண அரிசியைக் கொள்ளையடித்த கயவனைப் பிடித்து, இதே கொடிக்கம்பத்தில் கட்டித் தண்டித்து, ஊரைப் பட்டினியிலிருந்து காத்த மாவீரர்.’ இந்தியிலும் இருக்கிறதாம். தங்க எழுத்தாம்.

அம்மா தினமும் அந்த வழியாகத்தான் குழாயடிக்குப் போகிறாள்.

பொங்கலன்று காலையில் என்னை விடுவார்கள். அன்று மத்தியானமே ஊர்க் கப்பல் இருக்கிறது என்று நாகலிங்கம் சொல்கிறான். ஜங்லிகாட் பட்டறை எங்கும் ஓடிப்போகாது. முதலில் கல்லைப் பார்க்கிறேன். அப்புறம் கல்லை வைத்தவனைப்

(இதற்குமேல் இரண்டு வரியை வார்டர் ஐயா அடித்துவிட்டார். சூப்பரின்டெண்டிடம் கொண்டுபோகாமல் விட்டதே பெரிய காரியம் என்கிறார்.)

நல்லதம்பி

*

கேலாநாலா
10.11.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? இரத்தக்கொதிப்பு மாத்திரை கேட்டால் கொடுக்கிறார்களா?

பொய் சொன்னேன். ஆமாம். இன்னும் நாலு பொய் சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்லியிருப்பேன். நாகலிங்கம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பொங்கல்வரைக்கும் ஓட்டியிருப்பேன். உன்னை நேராக ஜங்லிகாட்டுக்குக் கூட்டிப்போய், அந்தக் கல்லே உன் கண்ணில் படாமல் செய்வதென்று இருந்தேன்.

நடந்தது இதுதான். அருண்பிரசாத்திடம் நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ‘அப்பா செஞ்ச நல்லதெல்லாம் எழுதுங்க, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க’ என்றேன். அவன் சொன்னான்: ‘அந்த ஒரு வரிக்காகத்தான் கல்லே. எங்கப்பா கைய வெட்டுனானே உன் தம்பி, அவன் வெளிய வந்து படிக்கட்டும்.’ புரிகிறதா? கல் செத்தவருக்காக வைக்கவில்லை. உனக்காக வைத்திருக்கிறான். நீ வந்து அதைத் தொட வேண்டும், அவன் ஆட்கள் உன்னை அங்கேயே வெட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் நீ அவனை வெட்டிவிட்டு ஆயுள் முழுக்க உள்ளே கிடக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அவனுக்கு வெற்றிதான்.

எனக்கு இருந்தது இரண்டு தம்பிகள். ஒருத்தனின் முதுகை நான்தான் கழுவினேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற எலும்பு தெரிந்தது. இன்னொருத்தனையும் அப்படிக் கழுவ என்னால் முடியாது. என் நெஞ்சு அதற்கு ஆகாது.

ஊருக்கு வரமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் செய்து எழுது. ஒரே ஒரு வரி போதும்.

அன்பு அக்கா,
வசந்தகுமாரி

*

போர்ட் பிளேர்
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். நீ பொய் சொல்லலாம், உனக்கு அது வருகிறது. எனக்கு வராது.

கை மணிக்கட்டு சேர்ந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடு.

பொங்கலன்று பார்ப்போம்.

நல்லதம்பி

*

போர்ட் பிளேர்
2.1.2025

அன்புத் தம்பி நல்லதம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் இந்தத் தடவை பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கீழ்வரிசையில் மூன்று பல் இல்லை. பழைய மணிக்கட்டு மறுபடி உடைந்திருக்கிறது. உதடு தைத்திருக்கிறது. மற்றபடி சுகம்.

மேலே ஊர் பெயரைப் பார்த்திருப்பாய். நீ இருக்கும் அதே ஜெயில்தான், பெண்கள் பக்கம். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஆனாலும் கடிதம் ஆபீசைச் சுற்றிக்கொண்டுதான் வருமாம். வார்டர் ஐயா, தபால் தலைச் செலவு மிச்சம்.

எவனாவது அரைகுறையாகச் சொல்லும் முன்பு நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறாம் தேதி காலையில் விசில் ஊதினார்கள். அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். அருண்பிரசாத் பட்டியலைப் படித்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொருவர் ‘ஹாஜிர்’ சொன்னார்கள். அம்மா தன் முறைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தாள். பட்டியல் முடிந்துவிட்டது. சுதாகர் பெயர் வரவில்லை.

‘எம் புள்ள பேரு வரலியே தம்பி’ என்றாள் அம்மா.

‘லிஸ்ட்ல இல்லம்மா. கல்லுல இருக்கு. போய்ப் படிச்சுக்கோ.’

கண் தெரியாதவளிடம் சொல்கிறான். வரிசையில் சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘ஹாஜிர்! சுதாகரு ஹாஜிர்!’ என்று கத்தினாள். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. அவன் ஆள் ஒருவன், ‘சுப், புடியா’, வாயை மூடு கிழவி என்று அவளைத் தள்ளினான். கல்லுக்குக் கட்டியிருந்த மேடையின் விளிம்பில் அம்மாவின் நெற்றி இடித்தது. ரத்தம் புதுச்சேலையில் கொட்டியது.

அதனால்தான் கோபத்தில் செய்தேன் என்று போலீஸ்காரர் எழுதப் பார்த்தார். தண்டனை குறையுமாம். வேண்டாம், அப்படி எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ரோட்டு வேலைச் சம்மட்டியை முந்தின நாளே ஜெட்டிக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்திருந்தேன். அம்மாவைத் தள்ளாமல் இருந்திருந்தாலும் செய்திருப்பேன். சந்திரமதியிடம் அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போய் எடுத்து வந்தேன்.

கல்லை மூடியிருந்த துணியை அருண்பிரசாத் விலக்கும்வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. துணியோடு சேர்த்து அடித்தேன். முதல் அடிக்குத் தீப்பொறிதான் வந்தது. இரண்டாவது அடிக்கு மூலை போயிற்று. நான் தினமும் உடைக்கும் கல்தானே, தங்க எழுத்துப் போட்டால் மட்டும் உடையாதா? ஒருவன் பிரம்பால் என் முதுகில் அடித்தான். ஒருவன் வாயில் குத்தினான். நான் நிறுத்தவில்லை.

அப்போதுதான் தம்பி, அது கேட்டது. வரிசையிலிருந்து யாரோ, ‘தீன்’ என்றார்கள். திரும்பிப் பார்க்க நேரமில்லை. அடுத்த அடிக்கு, நான்காவதுக்கு, ‘சார்’ என்று நாலைந்து குரல். அதற்கடுத்ததற்கு இன்னும் நிறையப் பேர். விசில் ஊதவில்லை, யாரும் எண்ணச் சொல்லவில்லை. அன்றைக்குச் சுதாகர் முதுகில் விழுந்ததை எண்ணிய அதே வாய்கள்தான். சந்திரமதியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அடி எங்கே விழுகிறதென்றே தெரியவில்லை. கயவன் என்ற சொல் தூளாகிப் போகும்வரைக்கும் எண்ணினார்கள்.

அருண்பிரசாத் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். சம்மட்டியைக் கீழ்வாக்கில் வீசினேன். அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கேஸ் பெரிதாகிவிட்டது. ஜாமீன் எடுக்க ஆள் இல்லை. நாகலிங்கத்தின் மனைவி எடுக்கிறேன் என்று வந்தாள். வேண்டாம் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

ஏன் என்று கேட்பாய். இப்போது காது கொடுத்துக் கேள், நல்ல காதைக் கொடு.

கல் இல்லை. நீ போய் உடைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கல்லை வைத்தவன் காலில் இரும்புக் கம்பி போட்டுக்கொண்டு கிடக்கிறான், அவனை வெட்டினால் நொண்டியை வெட்டினான் என்று ஊர் காறித் துப்பும். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவுக்குக் கண் இல்லை. நெற்றியில் தையல். மூன்று பிள்ளை பெற்றவள். ஒருத்தன் குழியில், ஒருத்தி ஜெயிலில். மிச்சம் நீதான். நீயும் உள்ளே வந்துவிட்டால் அவளுக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள்? சந்திரமதி எத்தனை நாள் பார்ப்பாள்?

உன்னிடம் சத்தியம் கேட்டேன், கொடுக்கவில்லை. அதனால் உன் இடத்தில் நான் வந்து உட்கார்ந்துகொண்டேன். இனி நீ உள்ளே வர முடியாது. வர இடமில்லை.

பொங்கலன்று மத்தியானக் கப்பலிலேயே போ. கொடிக்கம்பத்தைத் தாண்டும்போது நிற்காமல் நட. அம்மாவுக்குக் கஞ்சியில் உப்புக் குறைத்துப் போடு.

அன்பு அக்கா,
வசந்தகுமாரி

*

கேலாநாலா
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லதம்பி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் மணிக்கட்டு, உதடு, பல் எல்லாம் எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு. சாப்பாட்டு வரிசையில் எவளாவது முன்னால் புகுந்தால் விட்டுவிடு. எனக்கு நீ சொன்னதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். வார்டர் ஐயாவுக்கு வணக்கம்.

ஒரு மாதமாக எழுதவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம். என்னை ஏமாற்றிவிட்டாய் என்று சுவரில் முட்டிக்கொண்டேன். பொங்கலன்று வாசலில் விட்டபோது வெளியே போக மாட்டேன் என்று நின்றேன். வார்டர் ஐயாதான் தோளில் கை போட்டு, ‘அம்மாவுக்கு ஆரா உள்ளது? போடா’ என்று தள்ளிவிட்டார்.

கப்பலிலிருந்து இறங்கினேன். கொடிக்கம்பத்தடியில் கணுக்கால் உயரத்துக்குக் கல் மிச்சமிருக்கிறது. தேதி மட்டும் தெரிகிறது. அருண்பிரசாத் ஜெட்டிக் கடையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் கை இடுப்புக்குப் போயிற்று, அக்கா. மறைக்க மாட்டேன். இடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே, ‘ஆ ஜா’ என்றான். வா என்கிறான்.

அப்போது அம்மா மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சந்திரமதி கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. கப்பல் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். நான் அந்த ஆட்களைத் தாண்டி நடந்தேன். பின்னாலிருந்து எவனோ கல்லெறிந்தான். தலையின் பின்பக்கம் பட்டது. திரும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபோது என் கழுத்தில் ரத்தம் வழிந்தது. நல்லவேளை, அவளுக்குத் தெரியவில்லை. வேர்வை என்று சொன்னேன். உன்னிடமிருந்து எனக்கும் பொய் சொல்ல வந்துவிட்டது.

அடுத்த மாதம் அம்மாவோடு ஜங்லிகாட் வருகிறேன். பட்டறைக்காரரிடம் பேசிவிட்டேன். அங்கிருந்தால் மனுப் போட்டு உன்னைப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். நீ ஜெயிலில் இருப்பது அம்மாவுக்குத் தெரியும், ஆனால் சில நேரம் மறந்துவிடுகிறாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் வாசலில் உட்கார்ந்துகொண்டு பெயர் கூப்பிடுகிறாள். முதலில் ‘சுதாகரு’ என்கிறாள். அவளே ‘ஹாஜிர்’ சொல்லிக்கொள்கிறாள். பிறகு ‘வசந்தா’ என்கிறாள். கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.

நான் உள்ளே அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, ‘ஹாஜிர்’ என்கிறேன்.

உப்புக் குறைத்துத்தான் போடுகிறேன்.

உன் தம்பி,
நல்லதம்பி